ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை கேமராவுக்கு: சிறிய கேமரா வாங்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்த குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை, வீட்டிலும் வாசலிலும் படமெடுக்கச் சிறிய கேமரா ஒன்று வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படமெடுத்துப் பழகியவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். தொழில்முறைப் படப்பிடிப்புக்கான ஆலோசனையை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

நல்ல கைப்பேசி இருக்கும்போது தனியாக ஒரு கேமரா எதற்கு?

பகல் வெளிச்சத்தில், குழந்தை ஓரளவு அசையாமல் இருக்கும்போது, கைப்பேசியே போதும். பிறந்த முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். அதனால் பிரசவத்துக்கு முன்பே அவசரப்பட்டுக் கேமரா வாங்கத் தேவையில்லை.

குழந்தை தவழத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல், விளக்கு வெளிச்சத்தில், கைப்பேசி ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாக இணைத்துத்தான் தெளிவான படத்தைத் தருகிறது. அந்த இடைவெளிக்குள் குழந்தையின் கை அசைந்துவிட்டால், முகம் தெளிவாகவும் விரல்கள் கரைந்தும் போகின்றன. மேலும், பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ. வரையிலான அகலக்கோணம் கொண்டது என்பதால், முகத்தை நெருங்கி எடுக்கும்போது மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னுக்குப் போனது போலவும் தெரிகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கைப்பேசியை எடுத்தவுடன் ஒன்றரை வயதுப் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டுக் கார்ட்டூன் கேட்டு ஓடி வருகிறது. கேமராவைப் பார்த்தால் அப்படி வருவதில்லை. இரண்டு நாள் உற்றுப் பார்க்கும். பிறகு அதுவும் வீட்டுப் பொருள்களில் ஒன்றாகிவிடும்.

வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே கையால் இயக்க முடிகிறதா என்பதைப் பாருங்கள். சென்சார் (ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லு), லென்ஸ், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். சிறு குழந்தையோடு இருக்கும் பெற்றோரின் ஒரு கை எப்போதும் குழந்தைக்கு உரியது. இடுப்பில் குழந்தை இருக்கும். அல்லது படியில் ஏறும் பிள்ளையின் சட்டையைப் பிடித்திருப்போம். இரண்டு கை வேண்டும் என்று கேட்கும் கேமரா அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

கடைக்குப் போனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் கேமராவை எடுத்து, இயக்கி, உங்களை நோக்கி நடந்துவரும் விற்பனையாளரின் முகத்தில் ஃபோகஸ் செய்து, மூன்று படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் மூடியைக் கழற்றக் கை தேடினால், இயக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டாவிட்டால், ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தால், அது உங்களுக்கான கேமரா இல்லை. லென்ஸோடு சேர்த்து 550 கிராமுக்குள் இருந்தால் நல்லது. 350 கிராமுக்குள் இருந்தால் மிக நல்லது.

கேமரா எவ்வளவு விரைவில் விழிக்கிறது என்பதும் இதில் அடங்கும். என்னுடைய முதல் சிறிய கேமரா, பொத்தானை அழுத்தியபின் லென்ஸை நீட்டித் தயாராக ஏறக்குறைய இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். என் மகள் சுவரை விட்டுவிட்டு முதன்முதலாக மூன்று அடி நடந்த மாலையில், அந்தக் கேமராவில் எனக்குக் கிடைத்தது, அவள் உட்கார்ந்துவிட்ட பிறகான படம் ஒன்றுதான்.

லென்ஸில் 'எஃப்' எண் என்று சொல்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

வீட்டுக்குள் படமெடுப்பவருக்கு அதுதான் மிக முக்கியம். லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை அந்த எண் காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/3.5 லென்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. எஃப்/5.6 உடன் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு.

இதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை வைத்துச் சொல்கிறேன். இரவு எட்டு மணி, ஒரே ஒரு குழல்விளக்கு, தரையில் உட்கார்ந்து ரசஞ்சாதத்தைக் கையால் அளைந்துகொண்டிருக்கும் இரண்டு வயதுப் பையன். அவன் கை உறைந்து தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) நொடியில் 250இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். எஃப்/2 துளையில் அதற்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கூட்டும் எண்; கூடக் கூடப் படத்தில் புள்ளிக்கறை ஏறும்) 1600 போதுமாயிருந்தது. சோற்றுப் பருக்கை மோவாயில் ஒட்டியிருப்பது கூடத் தெளிவாகத் தெரிந்தது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை முழுதும் நீட்டினால் எஃப்/5.6தான் கிடைக்கும். அப்போது ஐஎஸ்ஓ 12800 வரை போக வேண்டியிருந்தது. அதில் பருக்கையும் புள்ளிக்கறையும் ஒன்றுபோலத் தெரிந்தன.

இதற்கு ஒரு விலை உண்டு. துளை அகல அகலத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவில், 35 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தால், தெளிவான பகுதி ஐந்தாறு சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். ஒரு குழந்தை என்றால் அது அழகு. அண்ணனும் தங்கையும் சேர்ந்து இருந்தால் எஃப்/2.8 அல்லது எஃப்/4க்குப் போங்கள்.

எத்தனை மி.மீ. லென்ஸ் வாங்குவது?

மி.மீ. எண் சிறியதானால் காட்சி அகலும், பெரியதானால் குறுகி நெருங்கித் தெரியும். முழுச்சட்டக் கணக்கில் (பழைய ஃபிலிம் அளவுச் சென்சாரை வைத்துச் சொல்லும் கணக்கு) 35 முதல் 50 மி.மீ. வரை. கையெட்டும் தொலைவில் இருக்கும் குழந்தையை, முகம் கோணாமல், கொஞ்சம் அறையும் தெரியும்படி எடுக்க இதுவே பொருத்தம். கடையில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஏபிஎஸ்-சி கேமராவில் அதை ஒன்றரையாலும் (கேனானில் 1.6ஆல்), அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் இரண்டாலும் பெருக்க வேண்டும். அதாவது ஏபிஎஸ்-சியில் 23 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 35 ஆகிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 மி.மீ. 34 ஆகிறது.

முகப்படங்களுக்கென்று 85 மி.மீ. வகை லென்ஸைப் பலரும் சொல்வார்கள். பூங்காவில் ஓடும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது மிகவும் நல்லது. பத்துக்குப் பத்து அறையில், நீங்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். குழந்தை விழப்போனால் எட்டிப் பிடிக்கவும் முடியாது. அத்துடன், லென்ஸ் எவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யும் என்பதையும் கேளுங்கள். பிறந்த குழந்தையின் விரலை எடுக்க 25 அல்லது 30 செ.மீ. நெருக்கம் வேண்டும். அரை மீட்டருக்குக் குறைந்தால் ஃபோகஸ் ஆகாத நல்ல லென்ஸ்கள் பல உண்டு.

ஜூம் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஒரு மாதம் பழகினால் கால்களே அந்த வேலையைச் செய்துவிடும். பள்ளி மேடையில் ஆடும் பிள்ளையை எடுப்பதற்கு மட்டும் ஜூம் உண்மையிலேயே வேண்டும்.

ஆட்டோஃபோகஸில் என்ன பார்க்க வேண்டும்?

கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடிவரும் குழந்தையைப் பொறுத்தவரை இந்த ஒரு வசதி, பத்தில் மூன்று படம் தெளிவாக வரும் என்ற நிலையை எட்டுப் படம் என்ற நிலைக்கு எனக்கு உயர்த்தியது. முகம் மட்டும் கண்டறியும் பழைய கேமராக்கள், எஃப்/1.8 போன்ற அகலத் துளையில் மூக்கின் நுனியிலோ புருவத்திலோ ஃபோகஸ் செய்துவிடுகின்றன.

இந்த வசதிக்கும் எல்லை இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையைத் தலைமாட்டிலிருந்து எடுக்கும்போது முகம் தலைகீழாகத் தெரிவதால் கேமரா தடுமாறலாம். மடியில் இருக்கும் பொம்மையின் கண்ணைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அந்த நேரத்தில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்ற, ஒரு பொத்தானை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

எந்தெந்தக் கேமராக்களைப் பரிந்துரைக்கிறீர்கள்?

உங்கள் கையும் பணப்பையும் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது என்றாலும், ஒவ்வொன்றின் இயல்பையும் சொல்கிறேன்.

ஒரே கையால் இயக்குவதற்கென்றே செய்யப்பட்டது போலிருப்பது ரிக்கோ ஜிஆர் 3. 2019இல் வந்தது, பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம், ஏபிஎஸ்-சி சென்சார், ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். இதன் லென்ஸ் 28 மி.மீ. கோணம் கொண்டது. குழந்தைகளுக்கு நான் சொல்வது, 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ். அதன் 40 மி.மீ. கோணம் முகங்களுக்கு இதமாக இருக்கிறது. குறைகளையும் அறிந்து வாங்குங்கள்: துளை எஃப்/2.8க்கு மேல் திறக்காது, உள்ளமைந்த ஃபிளாஷ் இல்லை, வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) இல்லை, ஒரு பேட்டரிக்கு ஏறக்குறைய 200 படம்தான். மங்கிய அறையில் ஓடும் பிள்ளையைத் தொடர இது திணறும். கைக்குழந்தைக்கு மிகச் சிறந்தது; மூன்று வயதுக்காரருக்கு அவ்வளவு இல்லை.

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கேமரா 2024இல் வந்தது. 35 மி.மீ. கோணம், எஃப்/2 துளை, 521 கிராம். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஷட்டர் எழுப்பும் ஒலி மிக மெல்லியது. பகலில் வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷைப் பயன்படுத்தலாம். தோல் நிறத்தை இது காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு நன்றாகவே மேலே போகும் என்பதால், தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது, கண்ணைத் தொடரும் வசதியுள்ள சிறிய ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றும், ஒரே ஒரு நிலையான (ஜூம் இல்லாத) லென்ஸும். சோனி ஏ6400 (403 கிராம்) உடலில் 154 கிராம் எடையுள்ள 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பொருத்தினால், கோணம் ஏறக்குறைய 50 மி.மீ.; எடையும் நான் சொன்ன எல்லையை ஒட்டியே நிற்கிறது. ஓடும் பிள்ளைக்கு இந்த இணை நம்பகமானது. கேனான் ஆர்50 இன்னும் இலகுவானது (375 கிராம்). 120 கிராம் எடையுள்ள 28 மி.மீ. எஃப்/2.8 தட்டை லென்ஸோடு 500 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் துளை எஃப்/2.8 என்பதால், இரவில் சோனி இணையைவிட ஐஎஸ்ஓவை இரண்டரை மடங்கு உயர்த்த வேண்டியிருக்கும்.

சட்டைப்பையில் அடங்க வேண்டும், ஜூமும் வேண்டும் என்பவர்களுக்குச் சோனி ஆர்எக்ஸ்100 வரிசை உண்டு. அதில் ஒரு நுணுக்கம். ஏழாவது கேமரா 24 முதல் 200 மி.மீ. வரை எட்டும், ஆனால் துளை எஃப்/2.8இல்தான் தொடங்குகிறது. 2016இல் வந்த ஐந்தாவது கேமரா 70 மி.மீ. வரைதான் எட்டும், ஆனால் துளை எஃப்/1.8இல் தொடங்குகிறது. வீட்டுக்குள் எடுப்பவருக்கு ஐந்தாவதே மேல். இவற்றின் ஓர் அங்குல வகை சென்சார், பரப்பில் ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெகாபிக்சல்?

அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 12க்கு 8 அங்குல அச்சுப்படத்துக்கு ஒன்பது மெகாபிக்சல் போதும்.

வியூஃபைண்டர் கட்டாயமா?

கட்டாயமில்லை, மேல்நோக்கிச் சாயும் திரைதான் அதிகம் உதவும். குழந்தையின் கண் தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. அந்த மட்டத்தில் கேமராவை வைத்து, நீங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி மேலிருந்து திரையைப் பார்த்து எடுத்தால், உங்கள் முகம் மறையாது. குழந்தை உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

ஃபிளாஷ் குழந்தையின் கண்ணுக்குத் தீங்கு செய்யுமா?

சாதாரணக் கேமரா ஃபிளாஷ், குழந்தையின் பார்வையைப் பாதிப்பதில்லை என்பதே கண் மருத்துவர்களின் பொதுவான கருத்து. ஆனாலும் முகத்துக்கு நேரே அடிக்கும் வெளிச்சம் குழந்தையைத் திடுக்கிட வைக்கும். படமும் தட்டையாகத்தான் வரும். ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடியுங்கள். ஏ6400இலும் ஆர்எக்ஸ்100இன் பல கேமராக்களிலும் எழும்பி நிற்கும் சிறு ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தே இதைச் செய்யலாம். வெளிச்சம் கூரையில் பட்டு மெதுவாக இறங்கும்.

இந்த இடத்தில், கேமரா வாங்குவதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரடி ஃபிளாஷில் எடுத்த படத்தில் இரு கண்மணிகளும் சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், குறிப்பாகப் பல படங்களில் அதே கண்ணில் அப்படித் தெரிந்தால், தாமதிக்காமல் குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது பார்வை நரம்பின் முனையில் ஒளி பட்டுத் திரும்புவதாலும் அப்படித் தோன்றலாம், அது தீங்கற்றது. ஆனால் கண்புரையும், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயும் இதே அறிகுறியைக் காட்டுகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே அதிகம் தாக்கும் அந்த நோயைத் தொடக்கத்தில் கண்டறிந்தால் உயிரையும், பல நேரங்களில் கண்ணையும் காப்பாற்ற முடிகிறது. அந்தப் படத்தை அழிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டில் எடுக்கும் படங்களில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவே?

கேமராவில் பழுது இல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஒலியில்லாத மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்த மினுக்கம் பட்டைகளாகப் பதிவாகிறது. விளக்கு வெளிச்சத்தில் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். குழந்தை அசையாமல் இருந்தால் 100இல் ஒரு பங்கு வேகத்தை வையுங்கள். மினுக்கத்தைக் குறைக்கும் அமைப்பு மெனுவில் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

தூளியில் தூங்கும் குழந்தையை எடுத்தால் நிறம் மாறிவிடுகிறது. என்ன செய்வது?

தூளிக்குள் வரும் வெளிச்சம் சேலையை ஊடுருவி வருவதால், துணியின் நிறம் குழந்தையின் தோலில் ஏறிவிடுகிறது. என் மகன் பச்சைச் சுங்குடிச் சேலையில் தூங்கிய படங்களில் உடம்பெல்லாம் பச்சைதான். ஜன்னல் பக்கத்துத் துணியைக் கொஞ்சம் விலக்கி நேரடி வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். அல்லது அன்றைக்கு மட்டும் வெளிர் நிற வேட்டியைக் கட்டுங்கள். ராக் கோப்பாகவும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பதிவு செய்தால் பிறகு ஓரளவு திருத்தலாம். இங்கே மின்னணு ஷட்டர் உதவும், ஏனென்றால் பகல் வெளிச்சம் மினுக்குவதில்லை.

பழைய கேமரா வாங்கலாமா?

தாராளமாக. 2013இல் வந்த பானசோனிக் ஜிஎம்1 வெறும் 204 கிராம். 120 கிராம் எடையுள்ள ஒலிம்பஸ் 17 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு இன்றும் அருமையான இணை. கண்ணைத் தொடரும் நுட்பம் அதில் இல்லை என்பதால், தவழத் தொடங்கும் வரையிலான குழந்தைக்கே அது ஏற்றது. பானசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 லென்ஸைத் தவிருங்கள். படம் மிக அழகு, ஆனால் ஃபோகஸ் மெதுவானது.

வாங்குமுன் கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை போன்ற நூலிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிறகு எஃப்/16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்தால் சென்சாரிலுள்ள தூசு புள்ளிகளாகத் தெரியும்.

பூஞ்சை வராமல் காப்பது எப்படி?

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது உண்மையான கவலை. தோல் பையில் வைத்துப் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் காத்தால் போதும். அன்றாடம் வெளியே எடுத்துப் பயன்படுத்தும் கேமராவில் பூஞ்சை பிடிப்பது அரிது.

கூடவே வேறு என்ன வாங்க வேண்டும்?

இன்னொரு பேட்டரியும், மணிக்கட்டில் மாட்டும் வாரும். கழுத்து வாரை விட்டுவிடுங்கள்; குனிந்து குழந்தையைத் தூக்கும்போது கேமரா ஊசலாடி அதன் நெற்றியில் இடிக்கும், தொங்கும் வார் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சிறிய ரிமோட் வாங்கினால் அதிலுள்ள நாணய வடிவ லித்தியம் பேட்டரியை மிகுந்த எச்சரிக்கையோடு வையுங்கள். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் ரிமோட் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். கேமராவிலுள்ள பத்து நொடி டைமர் போதுமாயிருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே பெரிய டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. அதை விற்றுவிட்டுச் சிறியது வாங்கவா?

முதலில் லென்ஸை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேனான் ஏபிஎஸ்-சி உடல் என்றால் 24 மி.மீ. எஃப்/2.8 தட்டை லென்ஸ் 125 கிராம்தான். நிக்கான் என்றால் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் லென்ஸ் 200 கிராம். இரண்டும் பழைய சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, குழந்தைக்கு எட்டாத, உங்களுக்கு எட்டுகிற ஒரு தட்டில், பேட்டரி போட்டபடியே இரண்டு வாரம் வைத்திருங்கள். அந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை அதைக் கையில் எடுத்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அதன் பிறகு விற்பதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.